காலிப் பலகையைக் கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்து பாதி, அலுவலகத்திலிருந்து பாதி என்று வேலை பார்ப்பவர்கள் குழுவாக வேலைகளைப் பகிர்ந்துகொள்ளவும் பேசிக்கொள்ளவும் மென்பொருள்கள் ஏராளம். ஆனால் புதிதாக ஒன்றில் கணக்குத் தொடங்கிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். போன மாதம் நான் சேர்ந்த ஒன்றில், என்ன பதவி, குழுவில் எத்தனை பேர், எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேள்வி மேல் கேள்வி; எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் வெறும் வெள்ளைத் திரை, நடுவில் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். (பதவியை எதற்குக் கேட்டார்களோ!) அதற்குப் பதில் நாலு வேலைகள் போட்ட மாதிரிப் பலகை ஒன்றைத் தந்து, ஒன்றை 'முடிந்தது' பக்கம் இழுத்துப் போடச் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துவிடுமே.

அப்புறம் இந்த மென்பொருள்களின் இலவசத் திட்டம். வரம்பு வைப்பதில் தவறில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். எதற்கு வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. குழுவாகச் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ள உதவும் ஸ்லாக், 2022 செப்டம்பரில் இலவசப் பயனர்களுக்குக் கடைசி 10,000 செய்திகள் மட்டுமே தெரியும் என்று இருந்த வரம்பை நீக்கி, கடைசி 90 நாள் செய்திகள் மட்டுமே தெரியும் என்று மாற்றியது. நிறையப் பேசும் குழுவுக்கு இது லாபமாகக்கூட இருக்கலாம், ஆனால் வாரத்துக்கு இருபது செய்தி போடும் சின்னக் குழுவுக்குப் பழைய பேச்செல்லாம் பூட்டிய அறைக்குள் போய்விட்டது. கூடுதல் வசதிகளுக்குக் காசு கேளுங்கள், சரி. நாங்களே எழுதியதைப் படிக்கவுமா? குறைந்தபட்சம் வரம்பு நெருங்கும்போது முன்கூட்டியே சொல்லி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தானாவது வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்