சித்தப்பாவின் ரிசீவருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பெரியவர் ஐயா, ரிச்சி தெரு பாய், பாலிடெக்னிக் லேப் அக்கா, மாடி வீட்டுத் தம்பி, நால்வருக்கும் வணக்கம்.

உங்களையெல்லாம் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, பாட்டுக் கேட்க வைத்து நன்றி சொல்ல ஆசைப்பட்டேன். நாள் ஒத்துவரவில்லை. பேரெல்லாம் போட வேண்டாம் என்று ஐயா சொன்னதால் கூப்பிடுகிற முறையிலேயே எழுதுகிறேன்.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1979இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பயனியர் ஸ்டீரியோ ரிசீவர் அது. மரப் பெட்டி, முன்னால் நீளமான கண்ணாடி டயல், சிக்னலுக்கு ஒன்றும் டியூனிங்குக்கு ஒன்றுமாக இரண்டு முள் மீட்டர். நாட்டிலேயே முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. எங்கள் தெருவில் அதைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டது எங்கள் வீட்டில்தான்.

சில வருடங்களுக்கு முன்பு பவர் பக்கம் பழுதாகி ஓரிடத்தில் ரிப்பேருக்குக் கொடுத்தோம். பவரைச் சரிசெய்தார்கள். கூடவே டியூனர் போர்டில், காயிலுக்குள் திருகி ஸ்டேஷன் அளவைச் சரிசெய்கிற 'கோர்' துண்டுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் திருகிவிட்டார்கள். 98.3இல் வர வேண்டிய மிர்ச்சி டயலில் 97க்குக் கீழே வந்தது. ஸ்டீரியோ விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் கரகரத்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். அதைப் பார்த்த அன்றுதான் திருகியதையெல்லாம் அளந்து சரியான இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை, அதாவது அலைன்மென்ட்டை, நானே செய்து தீர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

சர்வீஸ் மேனுவல் கேட்கிற கருவிகளைப் பட்டியல் போட்டால் தலை சுற்றும். எஃப்எம் சிக்னல் ஜெனரேட்டர், ஸ்டீரியோ ஜெனரேட்டர், அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ., ஒலிச் சிதைவை அளக்கும் டிஸ்டார்ஷன் மீட்டர், ஃப்ரீக்வென்சி கவுன்டர். கடன் வாங்கியாவது ஒரு பழைய ஆய்வக ஜெனரேட்டரை எடுத்துவிடலாம் என்று பணத்தோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு வந்தேன்.

பாய், அன்று நீங்கள் அந்த ஜெனரேட்டரை எனக்கு விற்றிருக்கலாம். "ஸ்டீரியோ சிக்னல் 53 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கு. இதோட மாடுலேஷன் 20லயே நின்னுடும். உங்க வேலைக்கு ஆகாது, காசை உங்ககிட்டயே வைங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். ஜெனரேட்டர் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் கணக்கே அதுதான். இடதும் வலதும் சேர்ந்த ஒலி 15 வரை, இது ஸ்டீரியோ என்று ரிசீவருக்குச் சொல்லும் பைலட் டோன் 19இல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 38ஐச் சுற்றி 23இலிருந்து 53 வரை. இத்தனையும் சிதையாமல் உள்ளே ஏற வேண்டும். அது தெரியாமல் வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், ரிசீவரும் அப்படியே கிடந்திருக்கும்.

ஐயா, உங்களிடம் என்னை அனுப்பியதும் பாய்தான். நாற்பது வருடம் ரேடியோவில் கை வைத்தவர் நீங்கள். மேனுவலை வாங்கிப் பென்சிலால் இரண்டே குறி போட்டீர்கள். எந்த இடத்தில் எண் துல்லியமாக வேண்டும் என்பதற்கு ஒரு குறி, எந்த இடத்தில் கூடுதா குறையுதா என்று தெரிந்தால் போதும் என்பதற்கு இன்னொன்று. முதல் வகை மூன்றே மூன்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் என்ன வாங்குவது, என்ன இரவல் கேட்பது என்று எனக்குத் தெளிந்தது.

வாங்கியவை இவ்வளவுதான்: எந்த ஃப்ரீக்வென்சியில் சிக்னல் இருக்கிறது என்று திரையில் காட்டும் ஒரு டைனி எஸ்ஏ, ஜெனரேட்டருக்குப் பதிலாகச் சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டரான ஒரு எஸ்ஐ4713 போர்டு, அதை இயக்க ஆர்டுயினோ, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் மூன்று. சி.ஆர்.ஓ. வாங்கவேயில்லை.

டைனி எஸ்ஏவுக்கு முதல் வேலை, டயலைத் திருப்பும்போது ரிசீவருக்குள்ளேயே உண்டாகும் சிக்னலான லோக்கல் ஆசிலேட்டரைப் பார்ப்பது. ப்ரோபை நேராக வைத்தால் ஆசிலேட்டரே நகர்ந்துவிடும் என்று ஐயா எச்சரித்தார். அதனால் செம்புக் கம்பியில் சின்ன வளையம் செய்து, டயலோடு சுழலும் கேங் கண்டன்சருக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்தேன். டயல் 90இல் இருந்தால் திரையில் 100.7, டயல் 106இல் இருந்தால் 116.7. எப்போதும் 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே. கீழ்க்கோடியில் காயிலையும் மேல்கோடியில் டிரிம்மரையும் மாற்றி மாற்றித் தொட்டு, ஆறாவது சுற்றில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. சரிபார்க்கச் சென்னையே இருக்கிறது: 91.1, 101.4, 106.4 எல்லாம் டயலில் அதனதன் இடத்தில் வந்தன.

எந்த ஸ்டேஷனையும் அந்த 10.7க்கு மாற்றி வடிகட்டும் ஐஎஃப் பகுதிதான் என்னைப் படுத்தியது. அக்கா, ஃபில்டர் எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்று வளைவாகக் காட்டும் உங்கள் நானோ விஎன்ஏவை இரண்டு சனிக்கிழமை தந்ததோடு நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து செராமிக் ஃபில்டரை அளக்கவும் சொல்லிக் கொடுத்தீர்கள். ஃபில்டர் எதிர்பார்ப்பது 330 ஓம், கருவி 50 ஓம். நேரே மாட்டினால் வளைவு கோணலாகத்தான் வரும். இரண்டு பக்கமும் 270 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டதும் தலை தட்டையான அழகான மேடு திரையில் வந்தது. பழைய ஃபில்டர் மூன்றில் ஒன்று 10.64க்கு ஓடிப்போயிருந்தது. பாயிடம் வாங்கிய இருபதில் ஒன்றுக்கொன்று 10 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போன மூன்றைப் பொறுக்கிப் போட்டோம். இந்த ஒரு வேலைக்கே நானோ விஎன்ஏ வாங்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பி, செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் எஸ்ஐ4713க்கு நீ எழுதிக் கொடுத்த நிரல் இன்னும் ஆர்டுயினோவில் அப்படியே இருக்கிறது. டீவியேஷன் (ஒலிக்கு ஏற்ப ஃப்ரீக்வென்சி நகரும் அளவு), பைலட் அளவு, இடது மட்டும், வலது மட்டும், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டன். அது ஒரு டிரான்ஸ்மிட்டர் என்பதால் ஏரியல் மாட்டவே கூடாது, கேபிள் வழியாகத்தான் போக வேண்டும் என்று நீயே பிடிவாதமாக நின்றாய். நீ சொன்னதுதான் சரி. மூன்று அட்டெனுவேட்டரையும் வரிசையாகப் போட்ட பிறகு ரிசீவருக்குத் தேவையான ஒரு மில்லிவோல்ட் பக்கம் வந்தது.

சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரின் காயிலைத் தொட்ட ராத்திரியை மறக்க முடியாது. மூங்கில் குச்சியைச் சீவி ஐயா செய்து கொடுத்த திருகி. இரும்பு பட்டால் காயிலின் மதிப்பு மாறும், பழைய கோர் உடையும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போகிறது, சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப் திரையில் 2 கிலோஹெர்ட்ஸில், டிஸ்டார்ஷனைக் காட்டும் ஒரு முள் நிற்கிறது. குச்சியை ஒரு மயிரிழை திருப்பினால் முள் இறங்குகிறது, இன்னும் ஒரு மயிரிழை, மறுபடி ஏறுகிறது. டியூனிங் மீட்டர் நடுவை விட்டு விலகினால் அடுத்த கோரைத் தொட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றரை மணி நேரம். 1.6 சதவீதத்தில் இருந்த டிஸ்டார்ஷன் 0.3க்கு வந்தது.

இடது வலதைப் பிரிக்கும் ஸ்டீரியோ டிகோடரில் பைலட்டோடு ஒத்து ஓட வேண்டிய ஆசிலேட்டரான விசிஓவுக்கு, மல்டிமீட்டரில் இருந்த ஹெர்ட்ஸ் அளவே போதுமாக இருந்தது. டெஸ்ட் பாயிண்டில் 19 கிலோஹெர்ட்ஸ் வந்ததும் விளக்கு மினுக்காமல் நின்றது.

இடது ஒலி வலதில் கசியாமல் பிரிந்து நிற்கும் அளவான செப்பரேஷனில்தான் மலிவு வழி தடுக்கியது. எஸ்ஐ4713இன் சொந்த செப்பரேஷனே 35 டெசிபெல் பக்கம்தான். "ஜெனரேட்டர்ல இருக்கிற கசிவை ரிசீவர்ல திருகி மறைச்சிடுவ, அப்புறம் நிஜ ஸ்டேஷன் வந்தா தப்பா நிக்கும்" என்றீர்கள் ஐயா. அடுத்த நாள் காலை நீங்களே ஆட்டோ பிடித்து, மடியில் துணி சுற்றிய உங்கள் ஜப்பான் ஸ்டீரியோ ஜெனரேட்டரோடு வந்து இறங்கினீர்கள். இந்த வயதில் மூன்று மாடி ஏறினீர்கள். பத்து நிமிட வேலை. அந்தக் கருவியை நான் விலைக்கு வாங்கியிருந்தால் வாழ்நாளில் இன்னொரு முறை தொட்டிருப்பேனா தெரியாது.

கிளம்பும்போது பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினீர்கள். ஸ்டேஷன் தூக்கி அனுப்பும் உச்ச ஒலியை ரிசீவர் திரும்பக் குறைக்கும் டீ-எம்ஃபசிஸ் 75 மைக்ரோசெகண்டில் இருந்தது. அது அமெரிக்காவுக்கு. நம் ஊருக்கு 50. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் போல. தள்ளியதும் பாட்டில் வரும் சலங்கைச் சத்தம் திரை விலக்கியதுபோல் முன்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை உட்காரவைத்து 101.4 வைத்தேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

மிச்சம் பதினேழு ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அக்கா சொன்னபடி சென்டர் அளவை எழுதி வைத்திருக்கிறேன். பாய், உங்களிடம் யாராவது பழைய ரிசீவரோடு வந்தால் என்னிடம் அனுப்புங்கள். டைனி எஸ்ஏவும் தம்பி நிரல் எழுதிய எஸ்ஐ4713 பெட்டியும் இரவலுக்கு உண்டு.