குழந்தை வந்த வீட்டில் பெயின்ட் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிறக்கப் போகும் குழந்தையின் அறைக்கு என்ன நிறம் பொருத்தமாக இருக்கும் என்று பத்திரிகைகளில் நிறையவே எழுதுகிறார்கள். அந்தப் பெயின்ட்டை எப்போது அடிப்பது, பழைய பெயின்ட்டை யார் சுரண்டுவது, அந்த நேரத்தில் தாயும் பிள்ளையும் எங்கே இருப்பது என்பது பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படுவதில்லை. நிறத்தைவிட இதுதான் முக்கியம் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எல்லோரும் பயப்படுவது புதுப் பெயின்ட் வாடைக்கு. அது சரிதான், ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து பழைய கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கிறது. நிறம் எடுப்பாக இருக்கவும் சீக்கிரம் காயவும் பெயின்ட்டில் ஈயம் கலந்த காலம் ஒன்று இருந்தது; மஞ்சள், சிவப்பு மாதிரி பளிச்சென்ற எனாமல்களில் அது அதிகம். அமெரிக்காவில் ஈயம் கலந்த வீட்டுப் பெயின்ட்டுக்கு 1978இலேயே தடை வந்துவிட்டது, இந்தியாவிலோ 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு பெயின்ட்டில் 90 பங்கு ஈயம்) என்ற கட்டாய வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது, வயதான வீடு என்றால் கீழ் அடுக்கில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். சுவரோடு ஒட்டிக் கிடக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பி தரை, மெத்தை, துணி என்று எங்கும் படிகிறது, சில மாதம் கழித்துத் தவழ ஆரம்பிக்கும் குழந்தை அந்தத் தரையைத் தொட்ட கையை நேராக வாயில் வைக்கிறது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் பழைய பெயின்ட் உரியாமல் நன்றாக இருந்தால் அதைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிடச் சொல்லுங்கள். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும், நெருப்பு காட்டி உரிக்கவே கூடாது, தரையில் பிளாஸ்டிக் விரித்து, முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதையெல்லாம் கர்ப்பிணி செய்யவே கூடாது, ஈயம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். அப்புறம், தேய்த்தவர் அதே உடுப்போடு குழந்தையைத் தூக்கக் கூடாது. இதை யாரும் யோசிப்பதே இல்லை.

இனி புதுப் பெயின்ட். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனைவிட, தின்னர் கலக்கும் எனாமலில் காற்றில் கலக்கும் ரசாயனம் பொதுவாக அதிகம். டின்னில் ‘வாடை குறைவு’ என்று போட்டிருப்பதும் விஓசி (காற்றில் கலக்கும் அந்த ரசாயனம்தான்) குறைவு என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல, இரண்டாவதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது, நமக்கு 12 முதல் 20தான். எடையோடு ஒப்பிட்டால் அறையின் காற்றை நம்மைவிட அதிகமாக இழுப்பது அதுதான். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும் சுவர் உள்ளுக்குள் முழுசாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகலாம். எனவே பிரசவத் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலாவது வேலை முடிந்திருக்க வேண்டும், தொட்டிலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் இதே கணக்குதான்.

குழந்தை வந்துவிட்டது, வேலை பாக்கி என்றால் தள்ளிப் போடுங்கள் என்பேன். “ஒரு நாள் வேலைதானே, கதவைச் சாத்திக்கிட்டா போதும்” என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, கதவிடுக்கு வழியாக வாடை வரத்தான் செய்யும். வேறு வழியே இல்லையென்றால் தாயும் குழந்தையும் சில நாள் வேறு வீட்டில் தங்கட்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் காற்று வெளியே தள்ளப்படும். ரூம் ஸ்ப்ரே அடிப்பதால் வாடை மறையும், ரசாயனம் போகாது, இன்னும் கொஞ்சம் சேரும்.

மிச்சமான தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குழந்தை அறை அலங்காரம் பற்றி அடுத்த முறை கட்டுரை வரும்போது, பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இவற்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்