மாலத்தீவு பயணம்: பெட்டி கட்டும் முன் படியுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டையில் வேன் ஏறும் முன் முக்கியமான விஷயம். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன முருகன், பிள்ளையார் சிலைகளை வீட்டுப் பூஜை அறையிலேயே விட்டுவிடுங்கள். வழிபாட்டுச் சிலை, மது, பன்றி இறைச்சி எதையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' (IMUGA) என்ற மாலத்தீவு அரசின் பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாம் தங்குவது ரிசார்ட் இல்லை, மக்கள் வாழும் மாஃபுஷி தீவு. தெருவில் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். நம்ம பருத்திச் சுடிதாரே அந்த வெக்கைக்கு ரொம்ப நல்லது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். அப்புறம், காலையில் பெரும்பாலும் சூரை மீனும் தேங்காயும் கலந்த மாஸ்ஹுனிதான். சைவக்காரர்கள் பருப்புப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள்.