மலை போடியைப் பார்த்திருந்த காலம்

போடிநாயக்கனூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். சம்பளம் எவ்வளவு என்று ஏன் எழுதவில்லை என வீட்டில் கேட்கிறாள். அதற்கு நீயே பதில் எழுதிவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஏலக்காய் விலையை மட்டும் கேட்காதே.

ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டுகளோடு, அதாவது மேடு பள்ளம், ஓடை, பாதை எல்லாம் காட்டும் நில வரைபடங்களோடு போகிறது. ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் வரைந்த ஷீட்டுகள். ஒரு மைலுக்கு 63,360 அங்குலம், அதனால் 1:63,360 என்று போட்டிருக்கும். இப்போதைய ஷீட்டுகள் 1:50,000. நம் மலைகள் 58எஃப் என்ற கட்டத்துக்குள் வருகின்றன. அதைப் பதினாறாகப் பிரித்திருக்கிறார்கள். மூணாறு 58எஃப்/4, போடி 58எஃப்/8. மூணாறுக்குக் கிழக்கே மலை விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷன் இந்த இரண்டுக்கும் நடுவில், கிட்டத்தட்ட ஓரக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கொடைக்கானல் இன்னும் மோசம். நான்கு ஷீட்டுகள் கூடும் மூலைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்க்க நான்கையும் தரையில் விரிக்க வேண்டும். நாம் போக நினைக்கும் இடம் எப்போதும் ஷீட்டின் ஓரத்தில்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

இதையெல்லாம் தேடி அலைய வேண்டுமோ என்று பயப்படாதே. அமெரிக்க ராணுவம் 1950களில் இந்தியாவுக்குப் போட்ட யு502 வரிசை, 1:250,000 அளவில், டெக்சாஸ் பல்கலைக்கழக நூலக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சின்னச் சின்ன விவரம் இருக்காது, ஆனால் மலைத்தொடர் எப்படிக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் பிடிபடும். புதிய ஷீட்டுகளை சர்வே ஆஃப் இந்தியாவே 2017 முதல் இணையத்தில் இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் ருசி.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் டாப் ஸ்டேஷன். நாம் காலேஜ் நாட்களில் மூணாறு வழியாக பஸ்ஸில் போய், "போடி அந்தா தெரியுதுடா" என்று விரல் நீட்டிவிட்டுத் திரும்பிய இடம். நமக்கு அது மூணாறின் கடைக்கோடி. நூறு வருஷத்துக்கு முன்னால் அது மூணாறின் வாசல்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னால் தேயிலை வளர்ந்ததும் அதை வெளியே கொண்டுபோக வழி வேண்டுமே. மேற்கே காடும் ஆறும். கிழக்கே, மலை விளிம்பிலிருந்து பார்த்தால் நேர் கீழே நம் சமவெளி. அதனால் 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி போட்டார்கள். 1908இல் அது நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில் பாதை ஆனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. குரங்கணியிலிருந்து ஏறுபவர்கள் பாதி வழியில் இளைப்பாறும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரும் அந்த ரோப்வேயின் மிச்சம்தான்.

ஏன் அந்த இடத்தில் போட்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கான்டூர் கோடுகளில் பார்ப்பது வேறு. போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டர். ஷீட்டில் மேற்குப் பக்கம் கோடுகள் தாராளமாக இடம் விட்டுப் போகும். ரயில் ஓடக்கூடிய சரிவு. கிழக்கு விளிம்புக்கு வந்ததும் எல்லாக் கோடுகளும் தலைமுடி மாதிரி நெருங்கிவிடும். அங்கே ரயிலும் முடியாது, வண்டியும் முடியாது, கம்பியில் தொங்கவிடத்தான் முடியும்.

ஒரு விஷயம் கவனித்துப் பார். கான்டூர் கோட்டோடு ஒட்டி, வளைந்து வளைந்து ஒரே மட்டத்தில் போகும் பாதை என்றால் யாரோ கருவி வைத்துச் சரிவு பார்த்து வெட்டியது. கோடுகளை நேராக வெட்டிக்கொண்டு ஏறும் ஒற்றையடிப் பாதை என்றால் கால்நடையும் சுமைகாரரும் போட்டது. பழைய ஷீட்டில் இரண்டாவது வகைதான் ஏராளம். புதிய ஷீட்டில் தார் ரோடு தடிமனாக வந்து, இவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஒரு பாதை எந்த ஷீட்டு வரை இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்தாலே, மலைக்காரர்கள் எப்போது நடப்பதை விட்டார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ரயில் பாதை போனது போனதுதான், மறுபடி போடவே இல்லை. பிறகு 1935இல் நேரியமங்கலம் பாலம் வந்தது, மூணாறின் முகம் கொச்சிப் பக்கம் திரும்பிவிட்டது. ரயில் ஓடிய பள்ளத்தாக்கில் பின்னால் மாட்டுப்பட்டி, குண்டளை அணைகள் எழுந்தன. இன்று படகு விடும் இடத்தில், அணைக்கு முந்தைய ஷீட்டில் ஒல்லியான நீலக்கோடு ஓடும். 1956இல் மாநில எல்லை பிரித்தபோது பெரிய சண்டையெல்லாம் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், மலை போடிக்கு முதுகைக் காட்டியது அதற்கு முப்பது வருஷம் முன்பே நடந்துவிட்டது.

பழைய ஷீட்டை செல்போனில் போட்டுக்கொண்டு நடக்கலாம், நீ நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஷீட்டை ஏற்றி, தெரிந்த இடங்களைக் குறித்துப் பொருத்த வேண்டும். ஊர், ரோடு இவற்றை நம்பாதே, இடம் மாறியிருக்கும். சிகரங்களும் ஓடைகள் கூடும் இடங்களும் அசையாது. அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பழைய ஷீட்டுகள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற சர்வே அதிகாரி போட்ட கணக்கில் வரைந்தவை, ஜிபிஎஸ் வேறு கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படமாக இருந்தால் இன்னும் ஒரு சங்கடம்: மற்ற இடங்களுக்கெல்லாம் ஆதாரமான மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையையே சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாக எடுத்திருந்தார்கள். நிலத்தில் அது நாலரை கிலோமீட்டர்!

இதை வைத்து அந்தக் காலத்து ஆட்களைக் குறைவாக நினைத்துவிடாதே. ஆனைமுடியின் உயரத்தை அப்போதே 8,837 அடி என்று போட்டிருக்கிறார்கள். இன்றைய கணக்கு 2,695 மீட்டர், அதாவது ஏறக்குறைய 8,842 அடி. வித்தியாசம் ஐந்தடி. 1802இல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வே அதிகாரி சங்கிலி போட்டு அளந்த ஆதாரக்கோட்டில் தொடங்கிய முக்கோணக் கணக்கு இது. கோணம் அளக்கும் அரை டன் எடை தியோடலைட் கருவியை அவர் ஊர் ஊராகத் தூக்கிச் சென்றார். 1808இல் தஞ்சைக் கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதி நசுங்கியது; உட்கார்ந்து தட்டிச் சரிசெய்து மறுபடி அளக்கப் போனார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

ஷீட்டில் பாதை இருக்கிறது என்பதற்காக ஏறிவிடக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேல் இறந்தார்கள். ஊரே அழுதது. கோடையில் அந்தச் சரிவில் காய்ந்த புல் நிற்பதை எந்தக் கோடும் சொல்லாது. வனத்துறை அனுமதி இல்லாமல் நான் ஏறுவதில்லை, மார்ச் மாதம் பேச்சே இல்லை.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. உன் அம்மா குண்டளை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர் என்று சொல்வாயே. ஷீட்டில் ஓடைகளுக்குப் பெயர் இருக்கிறது, டிவிஷன்களுக்கு இருக்கிறது, நடுவில் உள்ள மேடு பள்ளங்களுக்கு இல்லை. அம்மாவின் அப்பா காலத்தில் ரோப்வே கம்பம் நின்ற இடம், கொட்டகுடிக்கு நடந்து இறங்கிய வழி, வழியில் உட்காரும் பாறை, எதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு எழுது. அந்தப் பகுதியைப் பெரிதாக அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறிக்கச் சொல், பேனா வேண்டாம்.

ஜனவரியில் வா. மழை நின்று, புல் இன்னும் பச்சையாக இருக்கும். மதுரை வரை வந்துவிட்டால் போடிக்கு இப்போது ரயிலே இருக்கிறது. அனுமதிக்கு நான் எழுதிப்போடுகிறேன், ஆதார் நகல் ஒன்று அனுப்பிவை.

அன்புடன்,
ராஜாமணி