தட்டுக்கு அடியில் பேர்

ஸ்டோக்-ஆன்-டிரென்ட், இங்கிலாந்து,
28.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, முருகேசன் அண்ணன், மதினி, குட்டிப்பயல் எல்லோரும் நலம்தானே?

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. அரிசி டப்பாவின் மேல்தான் வைத்திருக்கிறேன். சோறு வைக்கப் போகும்போதெல்லாம் உங்கள் கையெழுத்து கண்ணில் படும். நாளைக்கு எழுதிவிடலாம் என்று அதை எடுத்து, அரிசியை அளந்து, திரும்ப மேலே வைத்துவிடுவேன். போனில் பேசினால் காற்றோடு போய்விடும், எழுதினால்தான் நிற்கும் என்று சொல்பவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை போனிலும் ஆச்சிதான் பாதி நேரம் பேசுகிறாள். நீங்கள் பின்னால் நின்று "சாப்பிட்டாளான்னு கேளு" என்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கோபம் இல்லையே?

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. தேங்காயெண்ணெய் பாறையாகக் கிடக்கிறது. பாட்டிலை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு டீ குடித்து முடித்தால் தலைக்குத் தேய்க்கிற அளவுக்கு உருகும். ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, அந்தச் சூட்டில் தொண்டை வறண்டுபோகிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும். இதை அம்மாவிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இந்த ஊர் ஓட்கேக் பற்றிப் போன தடவையே எழுதினேன் அல்லவா? ஓட்ஸ் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றுகிறார்கள். பார்த்தால் நம் தோசைதான், ஆனால் மடித்தால் முறுகாது. உள்ளே சீஸும் பன்றிக்கறியும் வைத்துச் சாப்பிடுவார்கள். நான் அம்மா கொடுத்துவிட்ட எள்ளுப்பொடியைக் குழைத்துத் தொட்டுக்கொள்கிறேன். அதைப் பார்த்து ஒரு நாள் இந்த ஊர்க்காரர் கென் தாத்தாவும் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். ஆனாலும் இன்னொரு தடவை கேட்டார்.

கென் தாத்தாவைப் பற்றி ஒன்று எழுத மறந்திருக்கிறேன். மனுஷர் நாற்பது வருஷம் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காரியம் தட்டைத் திருப்பி அடியில் எந்த ஆலை முத்திரை என்று பார்ப்பது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. நம் காருகுறிச்சிக்காரர்கள் பானையைக் கையில் வாங்கியதும் விரலால் தட்டிப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி. என் வீட்டுக்கு வந்தவர் எவர்சில்வர் தட்டைத் திருப்பினார். அடியில் புள்ளி புள்ளியாக 'பே. பேச்சியம்மாள்' என்று வெட்டியிருந்தது. எந்த ஆலை என்று கேட்டார். ஆலை இல்லை தாத்தா, அது எங்கள் ஆச்சி பேர், தட்டு காணாமல் போனால் யாருடையது என்று தெரிய வேண்டுமே என்றேன். ரொம்ப நேரம் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டிருந்தார். "நாங்கள் செய்தவன் பேரைப் போடுகிறோம், நீங்கள் சாப்பிடுகிறவள் பேரைப் போடுகிறீர்கள்" என்றார். ஆச்சியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் ஊரில் ஓட்டுப்போட அட்டையே கேட்க மாட்டார்களாமே, பேரைச் சொன்னால் போதுமாமே, உண்மையா என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாகத்தான் இருந்தது, 2023 வரைக்கும். சாவடிக்குப் போய்ப் பேரையும் முகவரியையும் சொன்னால் பட்டியலில் கோடு போட்டுச் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். வடக்கு அயர்லாந்தில் மட்டும் 2003-லிருந்தே படம் போட்ட அட்டை வேண்டும். 2022-ல் சட்டம் கொண்டுவந்தார்கள்; 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் இங்கிலாந்திலும் அட்டை கட்டாயமாகிவிட்டது.

நான் வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கென் தாத்தா காலையிலேயே கோட்டெல்லாம் மாட்டிக்கொண்டு ஓட்டுப்போடப் போனார், கால்மணி நேரத்தில் கதவை அறைந்துகொண்டு திரும்பி வந்தார். மேசையில் உட்கார்ந்திருந்தது அவர் மகளோடு படித்த பெண்ணாம். "கென், உங்களை எனக்குத் தெரியும், ஆனால் படம் போட்ட அட்டை இல்லாமல் சீட்டுத் தர முடியாது" என்றிருக்கிறாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்களுக்கான இலவச பஸ் பாஸ் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் காட்டினாலே போதும், செல்லும். இவர் காட்டவில்லை. "தினமும் டிரைவரிடம் காட்டுகிறேன், அவனுக்கு என்னைத் தெரியாது. இவளுக்குத் தெரியும். தெரிந்தவளிடம் எதற்கு?" என்கிறார். பிடிவாதம் என்றால் நம் பெரியப்பா தோற்றார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது அப்பா. பதினெட்டு வயதிலிருந்து அட்டையும் கையுமாக அலைகிறவர்கள் நாம். தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில் வந்த அட்டை. அது இல்லையென்றால் ஆதார், பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று பன்னிரண்டு மாற்று. ஒரு அட்டையைக் காட்டுவதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். அப்புறம் பேப்பரில் பார்த்தேன், அந்தத் தேர்தலில் சுமார் 14,000 பேர் சாவடி வரைக்கும் வந்து, அட்டை இல்லாமல் திரும்பிப்போய், பிறகு வரவே இல்லையாம். தேர்தல் ஆணையத்தின் கணக்கு. 400 பேருக்கு ஒருவர். நீங்கள் பொறுப்பு பார்த்த சாவடிகளில் ஆயிரம் ஓட்டு என்று வைத்தால் இரண்டு மூன்று பேர்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று பேர் யார் என்பதில்தான் சண்டை. கிழவர்களின் பஸ் பாஸ் செல்லும். காலேஜ் பிள்ளைகளின் ரயில் அட்டை செல்லாது. கென் தாத்தாவின் பேரனிடம் இருந்தது அந்த ரயில் அட்டைதான். இலவசமாக ஒரு சான்றிதழ் தருகிறார்கள், முன்கூட்டியே எழுதிப்போட வேண்டும். முன்கூட்டி எழுதிப்போடுகிற பிள்ளையா அவன்!

போன வருஷம் மே மாதம் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சனே அட்டையை மறந்துவிட்டுச் சாவடிக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எடுத்துக்கொண்டுபோய் ஓட்டுப்போட்டார். சட்டம் வந்ததே அவர் ஆட்சியில்தான். கென் தாத்தா அந்தச் செய்தியைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.

இப்போது உங்களுக்கு நம்பவே முடியாத ஒன்று. நான் இங்கே ஓட்டுப்போட்டேன்! காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் முறைப்படி இங்கே குடியிருந்தால், குடியுரிமை இல்லாவிட்டாலும் ஓட்டு உண்டு, பாராளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்து. வருஷா வருஷம் மார்ச் 13 வந்தால் வெள்ளைக்காரனை எதிர்த்த 1908 திருநெல்வேலி எழுச்சியை வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லுவீர்களே, அந்த உங்கள் மகள் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப்போட்டிருக்கிறாள். போன வருஷம் ஜூலை 4. வியாழக்கிழமை, வேலை முடிந்துதான் போனேன். ராத்திரி பத்து மணி வரை சாவடி திறந்திருக்கும். ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சர்ச்சை ஒட்டிய ஒரு கூடம். போலீஸ் இல்லை, நூறு மீட்டர் கோடு இல்லை, ஒருவர் நாயோடு வந்திருந்தார். என் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதுவும் செல்லுகிற அட்டைதான். அந்தப் பெண் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சீட்டைக் கொடுத்தாள். நூல் கட்டின பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். வெளியே வந்து விரலைப் பார்த்தேன். மை இல்லை. ஏதோ போடாமலே வந்த மாதிரி இருந்தது.

வழி காட்ட வந்த கென் தாத்தா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. பஸ் பாஸ் அன்றைக்கும் பையில் இருந்திருக்கும். வயதான மனுஷர், பிறந்த ஊர், அவர் வெளியே. நேற்று வந்த நான் உள்ளே. திரும்பும் வழியில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர்தான் "வாத்தே, கியூ இருந்ததா?" என்று கேட்டார். இங்கே எல்லோரையும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள், நம் பக்கம் தாயி என்கிற மாதிரி.

இந்த ஜூலையில் புது அரசாங்கம் வங்கி அட்டையையும் ஏற்கலாம் என்று அறிவித்திருக்கிறது. "பேங்க்குக்காரன் சொன்னால்தான் நான் கென்னா?" என்று அதற்கும் ஒரு கோபம்.

அவரிடம் உங்கள் கதையைச் சொன்னேன். 1991 தேர்தலில் ராதாபுரம் பக்கம் நீங்கள் சாவடித் தலைமை அலுவலராக இருந்தபோது வந்த பாட்டியின் கதை. அவள் ஓட்டை யாரோ காலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் தனிச் சீட்டுக் கொடுத்து, டெண்டர் ஓட்டு என்று தனி உறைக்குள் போட்டு வைத்தீர்கள். "இதை எண்ணுவாவளா?" என்று அவள் கேட்டதும், நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததும், "எம் பேர எவளோ தூக்கிட்டுப் போயிட்டாளே" என்று அவள் படியில் உட்கார்ந்து அழுததும். அட்டை வந்தபோது நீங்கள் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கென் தாத்தா முழுவதும் கேட்டுவிட்டு, "அவளைத் தெரிந்தவர் மேசையில் யாரும் இல்லையா?" என்றார். இருந்தார்கள் தாத்தா, ஏஜெண்ட்டுகள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான், தெரிந்துதான் சும்மா இருந்தார்கள் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்ததும் அண்ணன் போட்டோ அனுப்பினான். நம் வீட்டில் ஒரு ஓட்டு குறைந்துவிட்டது, என் ஓட்டு. எனக்குப் பதிலாகத் திருத்தப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குடும்பத்தில் பெரியவர் போடலாம் என்று படிவம் கொண்டுவந்த அலுவலர் சொல்லியும், அவள் இங்கே இல்லாதபோது இருக்கிறாள் என்று எப்படிப் போடுவது என்று விட்டுவிட்டீர்கள். சரிதான் அப்பா. நீங்கள் போட்டிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேர் நீக்கம் என்கிறார்கள், அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள் கணக்கில். கூட்டத்தோடு நானும் ஒருத்தி என்று வேலைக்குப் போய்விட்டேன்.

ராத்திரி வந்து மறுபடி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பேர், உங்கள் பேர், கதவு எண், பக்கத்தில் காரணம்: நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். நிரந்தரமாக என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லையே. ஆற்றில் தண்ணீர் ஏறினால் குறுக்குத்துறைக் கோயில் கோபுரம் எவ்வளவு தெரிகிறது என்று இன்னும் நான்தானே முதலில் கேட்கிறேன்? மார்கழி மாதம், விடியலில் டவுன் பக்கமிருந்து வருகிற பாட்டுச் சத்தம், அம்மா வாசலில் வாளியை வைக்கிற சத்தம், இதெல்லாம் இங்கே நாலு மணிக்கு விழிப்புத் தட்டினால் காதில் விழுகிறது. அட்டை என் பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. பேர்தான் இல்லை. கென் தாத்தாவுக்குப் பேர் இருக்கிறது, அட்டையைக் காட்டமாட்டார். அன்றைக்கு அழுதேன். இப்போது ஒன்றுமில்லை.

வெளிநாட்டு வாக்காளராக 6ஏ படிவம் போடலாம், ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் ஓட்டுப்போட வேண்டும். ஒரு ஓட்டுக்கு ஒரு விமான டிக்கெட்டா என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். அண்ணனிடம் சொல்லுங்கள், நானே ஆன்லைனில் போட்டுவிடுகிறேன், பட்டியலில் இருக்கட்டும்.

ஆச்சி விஷயம்தான் முக்கியம். அவள் அட்டை 2023 டிசம்பர் வெள்ளத்தில் டிரங்குப்பெட்டியோடு ஊறி, படம் கரைந்து, பேர் மட்டும் மிஞ்சிக் கிடந்ததை அண்ணன் அப்போது வீடியோவில் காட்டினான். வரைவில் பேர் வந்திருக்கிறது, நிம்மதி. ஆனால் வயது 71 என்றும் தாத்தா பேர் பிழையாகவும் இருக்கிறதாம். வயதை விட்டுவிடலாம் என்று ஆச்சி சொல்வாள், கேட்காதீர்கள். 8-ஆம் படிவம் கொடுத்து இரண்டையும் திருத்தி, புது அட்டையும் கேட்டுவிடுங்கள்.

இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எல்லாம் தாமதம். வேலையிடத்தில் புது மேலாளர் வந்திருக்கிறார், நேரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார், எனக்கு ஓய்வு நிறையக் கிடைக்கிறது. அம்மாவின் சங்கிலியைத் தை மாதம் திருப்ப வேண்டாம், வட்டியை மட்டும் கட்டி வைத்துச் சித்திரைக்குப் பார்க்கலாம். மதினியிடம் குட்டிப்பயல் ஸ்கூல் பீஸ் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். எள்ளுப்பொடி தீரப்போகிறது, ஆனால் தபாலில் அனுப்ப வேண்டாம், பொடியின் விலையைப்போல் பத்து மடங்கு ஆகும். யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

வயல் விற்கிற விஷயத்தில் நான் பவர் எழுதித் தரவேண்டும் என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். அதற்கு பர்மிங்காமில் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய், நான்தான் நான் என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் லீவு கேட்டுப் போகிறேன். விலை என்ன பேசியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதுவரைக்கும் அசல் பத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

உங்கள் மகள்,
செல்வி