தேக்குக் கதவுக்கு வெள்ளை

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. உட்கதவுகளையும் சன்னல் சட்டங்களையும் வெள்ளையாக்க வேண்டும் என்கிற உன் மருமகளை மறுக்கவும் முடியாமல், மனதார ஏற்கவும் முடியாமல் நீ தவிப்பதைப் படித்துச் சிரித்தேன். வெளிச்சம் குறைந்த உன் கூடத்தில் அந்தக் கரும்பழுப்பு வார்னிஷ் இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடுவதால், நான் அவள் பக்கம்தான். வாசற்கதவை மட்டும் விட்டுவிடச் சொல்.

வார்னிஷை முழுவதும் சுரண்டியாக வேண்டும் என்று பெயின்டர் சொல்வதை ஏற்காதே. மரத்தோடு இறுகப் பிடித்திருக்கும் வார்னிஷ் புதுப் பூச்சுக்கு நல்ல அடித்தளம். அதன் வழவழப்பைத்தான் போக்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார். செதில்கள் பெயர்ந்து வரும் பகுதிகளைச் சுரண்டினால் போதும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கும்போது பூச்சு பிசுபிசுவென்று இளகினால், அது அரக்கைக் கரைத்துப் பூசிய பிரெஞ்சுப் பாலிஷ். அதை ஸ்பிரிட்டாலேயே பெரும்பாலும் கழுவி எடுத்துவிடலாம்.

உப்புத்தாளைத் தொடுமுன் கழுவ வேண்டும். பூசையறை நிலையில் எண்ணெயும் குங்குமமும் விளக்குப் புகையும் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கும்; கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி, நன்றாக உலரவிட்டு, முதலில் 120, பிறகு 220 எண் தாளால் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்கச் சொல். பளபளப்பு அடங்கி மங்கினால் போதும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது; பழைய பூச்சின் தூளை நம்ப முடியாது. முகக்கவசம் வேண்டும், பேரக்குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது.

உண்மையான சிக்கல் பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரில்தான் இருக்கிறது. தேக்கின் சாயச் சத்துகள் நீரில் கரைந்து மேலேறுவதால், தண்ணீரில் கலக்கும் சாதாரணப் பிரைமரின் மேல் வெள்ளை அடித்தால் பழுப்புக் கறை தலைகாட்டும். அதன் மேல் எத்தனை கோட்டிங் கொடுத்தாலும் மறுபடி ஊறி வரும். பழைய வார்னிஷ் அந்தச் சாயத்தை ஓரளவு அடைத்து வைத்திருக்கிறது என்பதைச் சுரண்டச் சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கறையைத் தடுக்கும் எண்ணெய்ப் பிரைமரோ அரக்கில் செய்த பிரைமரோ வாங்கு. அது காய்ந்தபின் மரத்துக்கான பட்டி பார்க்க வேண்டும். கரும்பழுப்பில் மறைந்திருந்த சிறு பள்ளமெல்லாம் வெள்ளையில் எடுத்துக்காட்டும். மிச்சமிருக்கிறதே என்று சுவர்ப் பட்டியை அப்பினால், மரம் ஊதிச் சுருங்கும்போது அது விரிசல் விட்டு உதிரும்.

எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் விரைவில் மஞ்சளாகிவிடும் என்பதால், உன் கூடத்துக்குத் தண்ணீரில் கலக்கும் எனாமலே நல்லது. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடு. ஈரத்தில் ஊதிய கதவுக்குப் பூச்சின் கனமும் சேர்ந்தால் நிலையில் இறுகிக்கொள்ளும். கழற்றும் ஒவ்வொரு கதவின் மேல்விளிம்பிலும் உளியால் ஓர் அடையாளம் கொத்தச் சொல். பென்சில் குறி பெயின்டில் மறைந்துபோகும், பழைய தச்சில் இரண்டு நிலைகள் ஒரே அளவாக இருப்பதும் அரிது.

அன்புடன்,
ராகவன்