எஃப்.என்.யூ. என்ற பெயரில் என் அம்மா

மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த 19 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஓட்டுப் போடும் அமெரிக்கக் குடிமகள். என் தாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

2025 மார்ச் 25 அன்று அதிபர் டிரம்ப் தேர்தல் ஆணையில் கையெழுத்திட்டார். வாக்காளராகப் பதியக் குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும், தேர்தல் நாளுக்குப் பிறகு வரும் தபால் ஓட்டுகளை எண்ணக் கூடாது என்றது அது. ஒன்பதே நாளில், ஏப்ரல் 3 அன்று, நீங்கள் வழக்குப் போட்டீர்கள். ஜூன் 13 அன்று நீதிபதி டெனிஸ் காஸ்பர் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தார். தேர்தல் விதிகளை வகுப்பது மாநிலங்கள், மாற்றுவதென்றால் காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றம், அதிபருக்கு அதில் அதிகாரம் இல்லை என்ற உங்கள் வாதம் எனக்கு முழுச் சம்மதம். தபால் ஓட்டில் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்திருந்தால், அது ஆறு நாள் தாமதமாக வந்தாலும் எங்கள் மாநிலம் எண்ணும். அந்த வழக்கத்தையும் காப்பாற்றினீர்கள். நன்றி.

ஆனால் நான் எழுத வந்தது பெயரைப் பற்றி.

என் அம்மாவுக்கு ஒரே பெயர். முன்னால் தாத்தா பெயரின் இனிஷியல், அவ்வளவுதான். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரே குடும்பப்பெயர் ஆகிவிட்டது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று விழுந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. கிரீன் கார்டிலும் அதுவே வந்தது. குடியுரிமை வாங்கும்போதுதான் தாத்தா பெயரைச் சேர்த்துச் சரிசெய்தோம். பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாக் காகிதங்களையும் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பெயர் ஒரு மாதிரி.

இப்போதுள்ள கூட்டாட்சி வாக்காளர் பதிவுப் படிவத்தில், குடிமகள்தான் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் சொன்னால் சிறைக்கும் போகலாம். அதற்கு மேல் ஆவணமும் காட்டச் சொல்கிறது அந்த ஆணை. அம்மா அந்த உறையைத் தூக்கிக்கொண்டு கவுன்டரில் நிற்கும்போது, எந்தக் காகிதத்தை நம்புவார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய அமெரிக்கப் பெண்களுக்கும் இதே தொல்லைதான்.

கேன்சஸ் மாநிலத்தில் இது நடந்தே விட்டது. 2013இல் அங்கே ஆவணம் கேட்கத் தொடங்கினார்கள். 31,000 பேருக்கு மேல் பதிய முடியாமல் போனது. குடிமக்கள் அல்லாமல் பட்டியலில் ஏறியவர்கள் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை அதிகபட்சம் 39. அந்த வழக்கில் தடுக்கப்பட்டவர்களே கூண்டில் ஏறி, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 2018இல் அந்த விதி ரத்தானது.

உங்கள் மனுக்களில் மாநிலத்துக்கு ஆகும் செலவும் ஊழியர்களின் வேலைப்பளுவும் விரிவாக இருக்கின்றன. அவை வேண்டியவைதான். அவற்றோடு இந்தப் பெயர்க்காரர்களையும் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இடைக்காலத் தடை என்பது இறுதித் தீர்ப்பு இல்லையே.

அம்மா தபால் ஓட்டு உறையில் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். இனிஷியலை எழுதி, புள்ளி வைத்து, அப்புறம் நிதானமாகப் பெயர். வாக்குமூலம் கொடுக்க அவர் தயார். ஒரு மொழிபெயர்ப்பாளரை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சி வாக்காளர் ஒருவர்